ஓர் ஆளுக்கு 135 லிட்டர்: கொங்கு நாட்டுக் குழாய்களில் அந்தக் கணக்கு

பல்லடம் பக்கம் பல வீடுகளில் தண்ணீருக்கு இரண்டு பெயர் உண்டு. கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் ஆற்றிலிருந்து வருவது நல்ல தண்ணீர். வாசலோரம் போட்ட ஆழ்குழாயிலிருந்து வருவது உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீர் தரைக்கு அடியில் இருக்கும் தொட்டியில் விழும். உப்புத் தண்ணீர் மாடியில் நிற்கும் கறுப்புத் தொட்டிக்கு ஏறும். குடிக்கவும் சமைக்கவும் முதலாவது. குளிக்க, துவைக்க, கழிவறைக்கு இரண்டாவது. எந்தக் குழாய் எதற்கு என்று வீட்டுக் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் இந்த ஊரில் ஓர் ஆள் ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் செலவழிக்கிறார் என்று கேட்டால், அலுவலக ஏட்டில் கிடைக்கும் விடையில் முதல் தண்ணீர் மட்டுமே இருக்கும். அதுவும் பெரும்பாலும் வீட்டில் செலவான அளவாக இருக்காது, மேலே இருந்து திறந்துவிட்ட அளவாக இருக்கும்.

திறந்துவிட்டது வேறு, வந்து சேர்ந்தது வேறு என்பதைக் கீழ்பவானி வாய்க்காலிலோ பி.ஏ.பி. எனப்படும் பரம்பிக்குளம்-ஆழியாறு வாய்க்காலிலோ முறைத் தண்ணீர் பாய்ச்சியவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அணையில் எத்தனை கன அடி திறந்தார்கள் என்பது மறுநாள் செய்தித்தாளில் வந்துவிடும். கடைமடைக்கு எவ்வளவு வந்தது என்பது கடைமடைக்காரருக்குத்தான் தெரியும். குடிநீர்க் குழாய்க்கும் கடைமடை உண்டு. மேல்நிலைத் தொட்டிக்குப் பக்கத்துத் தெருவில் குடம் இரண்டு நிமிடத்தில் நிறைகிறது. அதே குழாயின் கடைசி வீட்டில் நூல் போல ஒழுகுகிறது. வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் சாலையில் உட்கார்ந்து மறிக்கிற நாம், குழாய்த் தண்ணீரின் சராசரிக் கணக்கை மட்டும் ஒரு கேள்வியும் கேட்காமல் ஏற்றுக்கொள்கிறோம் என்பது எனக்கு நெடுநாளாக உறுத்தலாக இருக்கிறது.

135 என்ற எண்ணைப் பார்ப்போம். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர், பெருநகரங்களில் 150 லிட்டர், பாதாளச் சாக்கடை இல்லாத ஊர்களில் 70 லிட்டர், தெருக்குழாயை நம்பியிருப்பவர்களுக்கு 40 லிட்டர் என்று குழாய்த் திட்டங்களை வடிவமைக்கும் பொறியாளர்களுக்கான மத்திய அரசின் கையேடு வகுத்தது. கிராமங்களுக்கு 2019 ஆகஸ்ட் 15-இல் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம் 55 லிட்டரை இலக்காக வைத்தது. 135 லிட்டர் எப்படி வந்தது என்பதற்கும் இந்தியத் தர நிர்ணயத்தில் பிரிவினை இருக்கிறது: குளிக்க 55, கழிவறைக்கு 30, துணி துவைக்க 20, பாத்திரம் கழுவ 10, வீடு துடைக்க 10, சமைக்க 5, குடிக்க 5.

இவை எல்லாம் திட்டம் போடுவதற்கான எண்கள். எத்தனை அங்குலக் குழாய் பதிக்கலாம், தொட்டி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்வதற்காகப் பிறந்தவை. நாளடைவில் "நமது நகரில் 135 லிட்டர் வழங்குகிறோம்" என்று அறிக்கைகளில் ஏறி, பிறகு "நமது மக்கள் 135 லிட்டர் பயன்படுத்துகிறார்கள்" என்று பேச்சில் மாறிவிட்டன. வடிவமைப்பு, வழங்கல், பயன்பாடு என்ற மூன்றும் ஒரே எண்ணுக்குள் அடைபட்டுவிட்டன.

கணக்கு என்னவோ ஒரே வகுத்தல்தான். மேலே தண்ணீர், கீழே ஆட்கள். ஒரு பேச்சுக்கு 16 லட்சம் பேர் உள்ள ஒரு மாநகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுத்திகரிப்பு நிலையங்களிலிருந்து நாள்தோறும் 21.6 கோடி லிட்டர் வெளியேறுகிறது. வகுத்தால் சரியாக 135 வருகிறது, அறிக்கை அழகாக இருக்கிறது. இப்போது அங்கே உண்மையில் வசிப்பவர்கள் 20 லட்சம் பேர் என்று வையுங்கள், 108 ஆகிவிடும். வழியில் ஐந்தில் ஒரு பங்கு கசிந்தும் களவாகியும் போனால் 86. மிச்சத்தில் பத்தில் ஒரு பங்கு ஓட்டல், மருத்துவமனை, திருமண மண்டபம், பட்டறை என்று போனால் வீட்டுக்குள் ஆளுக்கு 78 லிட்டர்கூட முழுதாக வராது. 135-ஐச் சொன்னவரும் பொய் சொல்லவில்லை, 78-ஐச் சொல்பவரும் பொய் சொல்லவில்லை. எந்த இடத்தில் அளந்தீர்கள், எத்தனை பேரால் வகுத்தீர்கள் என்ற இரண்டு கேள்விக்கும் இருவரும் வேறு வேறு விடை வைத்திருக்கிறார்கள்.

கோவையில் "சிறுவாணியிலிருந்து இன்று இத்தனை எம்.எல்.டி." என்று செய்தி வரும். எம்.எல்.டி. என்றால் நாளொன்றுக்கு 10 லட்சம் லிட்டர். சிறுவாணி அணை கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக்குள் இருக்கிறது. 1973-இல் இரு மாநிலங்களும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி கோவைக்குத் தண்ணீர் வருகிறது. மலையிலிருந்து தானாகவே இறங்கி வருவதால் அதற்கு மின்செலவு குறைவு. பவானி ஆற்றின் பில்லூர் அணை நீர்மின் உற்பத்திக்காகக் கட்டப்பட்டது. பின்னர் அதுவே கோவைக்கும் சுற்றியுள்ள ஊர்களுக்கும் குடிநீர் ஆதாரமாகிவிட்டது. பொள்ளாச்சிப் பக்கத்துக்கு ஆழியாறு. திருப்பூருக்குப் பவானி ஆற்றுத் தண்ணீரை நெடுந்தூரம் உந்தியேற்றிக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. இந்தப் பெரிய குழாய்களில் மின்காந்த அளவு மீட்டர்கள் பொருத்துவார்கள். அவற்றில் சுழலும் உறுப்பு எதுவும் இல்லை. நன்றாகப் பொருத்திப் பராமரித்தால் நம்பலாம். ஆகவே மேலே எவ்வளவு புறப்பட்டது என்பது ஓரளவு தெரிந்த கணக்கு.

கீழே வர வர இருட்டு. மேல்நிலைத் தொட்டியின் வெளிவாயில் மீட்டர் இல்லாவிட்டால், தொட்டியின் கொள்ளளவை நிரப்பிய தடவையால் பெருக்கிக்கொள்வார்கள். வால்வு திறப்பவர் எத்தனை மணி நேரம் திறந்துவைத்தார் என்பதை வைத்தும் மதிப்பிடுவார்கள். அதற்கும் கீழே, வீட்டு வாசலில், மீட்டர் இருந்தால்தான் உண்மை தெரியும். 2008-இல் மத்திய நகர்ப்புற அமைச்சகம் வகுத்த சேவைத் தர அளவுகோல்களில் 135 லிட்டர் என்பதோடு சேர்த்து, எல்லா இணைப்புக்கும் மீட்டர், கணக்கில் வராத தண்ணீர் 20 சதவீதத்துக்குள், 24 மணி நேர விநியோகம் என்ற இலக்குகளும் இருக்கின்றன. நம் ஊர் அறிக்கைகளில் முதல் எண் மட்டும் பெரிதாக நிற்கும். மற்ற மூன்றும் இல்லாமல் அந்த முதல் எண்ணைச் சரிபார்க்க வழியே கிடையாது.

வீட்டு மீட்டர் வைத்துவிட்டால் தீர்ந்தது என்றும் நினைக்கக் கூடாது. வாரத்துக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ தண்ணீர் விடும் ஊரில் குழாய் பல நாள் வெறுமையாகக் கிடக்கிறது. முறை நாளன்று வால்வைத் திறந்ததும் தண்ணீருக்கு முன்னால் குழாயில் அடைந்திருந்த காற்று ஓடி வருகிறது. நீங்களே காது கொடுத்துக் கேட்டிருப்பீர்கள். குழாய் முதலில் சீறும், இருமும், பிறகுதான் கலங்கலாக ஒரு வாய்த் தண்ணீரைத் துப்பும். சக்கரம் சுழலும் சாதாரண மீட்டருக்குக் காற்றும் தண்ணீரும் ஒன்றுதான். காற்றடித்தும் எண் ஏறும். அதாவது கணக்கு கூடுகிறது. இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. மிதவை வால்வு வைத்த தொட்டி நிறையும் தறுவாயில் தண்ணீர் மிக மெல்லியதாக வழிந்து வரும். ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு தொடக்க ஓட்டம் இருக்கிறது. அதற்குக் குறைவாக ஓடினால் சக்கரம் அசையாது. பழைய மீட்டர் என்றால் இன்னும் மோசம். இரவெல்லாம் சொட்டுச் சொட்டாக நிறைந்த தண்ணீர் கணக்கில் வராமலே போய்விடும். இந்த இரண்டு பிழையும் ஒன்றையொன்று ஈடு செய்துவிடும் என்று நம்புவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

இதோடு, குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சும் வீடுகள். அடுத்த வீட்டுப் பங்கை இழுத்துக்கொள்வது ஒரு பக்கம். வெறுமையான குழாய்க்குள் சாக்கடை நீரையும் இழுத்துவிடுவது இன்னொரு பக்கம். மோட்டார் வைத்த வீட்டுக்கு 200 லிட்டரும் வைக்காத வீட்டுக்கு 40 லிட்டரும் கிடைத்தால் சராசரி 120. அந்த 120 லிட்டரை அந்தத் தெருவில் ஒருவரும் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள்.

கசிவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் தளம் போடுவதை விவசாயிகளில் ஒரு சாரார் கடுமையாக எதிர்த்தார்கள். கசிவு நீரால்தான் கிணறுகள் ஊறுகின்றன, அதை அடைத்துவிட்டால் கிணற்றுப் பாசனம் என்ன ஆகும் என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்வி. குடிநீர்க் குழாயின் கசிவும் பூமிக்குள்தானே போகிறது, பக்கத்து ஆழ்குழாய்ப் போரில் ஊறட்டுமே என்று சிலர் என்னிடம் வாதாடியிருக்கிறார்கள். இங்கே அந்த நியாயம் செல்லாது. வாய்க்கால் தண்ணீர் ஆற்றில் வந்தபடியே ஓடுகிறது. குழாய்த் தண்ணீரோ படிகாரம் போட்டு, வடிகட்டி, குளோரின் கலந்து, மின்சாரம் செலவழித்து உயரத்துக்கு ஏற்றிய தண்ணீர். அதைச் சாலைக்கு அடியில் விட்டுவிட்டு, உப்பேறிய பிறகு மறுபடியும் 800 அடியிலிருந்து மோட்டார் போட்டு எடுப்பது இரட்டைச் செலவு.

இனி வகுக்கும் எண். என் பார்வையில் கொங்கு நாட்டில் கணக்கு மிகவும் பிசகுவது இங்கேதான்.

நாடு முழுவதற்கும் கடைசியாக எடுத்த மக்கள் தொகைக் கணக்கு 2011-ஆம் ஆண்டுடையது. 2021-இல் எடுத்திருக்க வேண்டியது தள்ளிப்போய், 2027-க்கு என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. இதற்கிடையில் எல்லைகளும் மாறிவிட்டன. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கோவை மாநகராட்சியில் சுமார் 10.5 லட்சம் பேர். அதே ஆண்டு பக்கத்து நகராட்சிகளையும் பேரூராட்சிகளையும் சேர்த்து 100 வார்டுகளாக விரித்தபோது அது சுமார் 16 லட்சமானது. தண்ணீர் கூடாமலே வகுக்கும் எண் ஒன்றரை மடங்காகிவிட்டது. எந்த அறிக்கையிலும் ஆளுக்கு இத்தனை லிட்டர் என்று படித்தால், எந்த எல்லையின் எந்த ஆண்டு மக்கள் தொகை என்று அடிக்குறிப்பைத் தேடுங்கள்.

திருப்பூரில் இது இன்னும் கூர்மை. ஒரு மதிய வேளையில் பனியன் கம்பெனிகள் நிறைந்த பகுதியில் ஒரு காம்பவுண்டுக்குப் போயிருந்தேன். நீளவாக்கில் எதிரும் புதிருமாகப் பன்னிரண்டு அறைகள், நடுவில் ஓடுபாதை, கடைசியில் இரண்டு கழிவறை, ஒரு சிமென்ட் தொட்டி. தொட்டி விளிம்பில் பன்னிரண்டு வண்ணத்தில் பிளாஸ்டிக் குவளைகள். ஒரே ஒரு குடிநீர் இணைப்பு. வீட்டுக்காரப் பாட்டியிடம் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று கேட்டேன். "அது ஷிப்டைப் பொறுத்தது சாமி" என்றார். பகல் வேலைக்குப் போகிறவர்கள் வெளியேறும்போது இரவு வேலை முடித்தவர்கள் அதே பாயில் வந்து படுக்கிறார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர்கள் பெரும்பாலோர். தீபாவளிக்கோ அவர்கள் ஊர்த் திருவிழாவுக்கோ போனால் காம்பவுண்டு பாதி காலி. எண்ணிப் பார்த்ததில் அன்றைக்கு நாற்பத்தொரு பேர்.

இணைப்பு எண்ணிக்கையைக் குடும்ப அளவால் பெருக்கி ஆள்கணக்கு போடுவது ஒரு வழக்கம். தமிழ்நாட்டின் சராசரிக் குடும்பம் 2011 கணக்கின்படி சுமார் 4 பேர். அந்த முறையில் இந்தக் காம்பவுண்டு 4 பேர். ஒரு முறைக்கு 2,000 லிட்டர் தண்ணீர் நான்கு நாளைக்கு ஒரு தடவை வருகிறது என்று வைத்தால் ஏட்டில் ஆளுக்கு 125 லிட்டர். நாற்பத்தொரு பேரால் வகுத்தால் 12 லிட்டர். குளிக்கவும் துவைக்கவும் லாரித் தண்ணீர். குடிக்க இருபது லிட்டர் கேன். இந்த இரண்டும் பொதுக் குடிநீர்க் கணக்கில் எங்கும் இல்லை. யார் தைத்த துணி உலகம் முழுக்கப் போகிறதோ அவர்கள் தண்ணீர்க் கணக்கில் ஆட்களாகவே இல்லாமல் இருப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

திருப்பூரில் மேலே உள்ள எண்ணுக்கும் ஒரு சிக்கல் உண்டு. 2006-இல் ஓடத் தொடங்கிய பவானித் திட்டம் நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டருக்காக வடிவமைக்கப்பட்டது. சாயப்பட்டறை முதலிய தொழில்களின் தேவையே அதன் பிறப்புக்குப் பெரிய காரணம். ஊருக்குள் வந்த தண்ணீர் முழுவதையும் ஊர் மக்களால் வகுத்தால் திருப்பூர்க்காரர்கள் தண்ணீரை வாரி இறைப்பதாகத் தோன்றும். தொழிலுக்கு மொத்தமாகப் போவதைக் கழித்துவிட்டுத்தான் வகுக்க வேண்டும்.

உலகம் முழுவதும் இதே மயக்கம் இருக்கிறது. அமெரிக்காவில் ஐந்தாண்டுக்கு ஒரு முறை தண்ணீர்க் கணக்கு எடுத்து வந்தார்கள். 2015-ஆம் ஆண்டுக் கணக்கில் பொதுக் குடிநீர் அமைப்புகள் எடுத்த தண்ணீர் முழுவதையும் அவற்றைச் சார்ந்த மக்களால் வகுத்தால் ஆளுக்குச் சுமார் 520 லிட்டர். வீடுகளுக்குப் போனதை மட்டும் வகுத்தால் சுமார் 310 லிட்டர். ஒரே நாடு, ஒரே ஆண்டு. சிங்கப்பூர் சொல்லும் 140-ஐ ஒட்டிய எண் வீட்டு மீட்டரில் பதிவானது மட்டும். அந்த நாட்டின் தேவையில் பாதிக்கு மேல் வீடு அல்லாதவை. நம் ஊரின் திறந்துவிட்ட 135-ஐ சிங்கப்பூரின் வீட்டு 140-உடன் ஒப்பிட்டு "நாமும் கிட்டத்தட்ட அங்கேதான் இருக்கிறோம்" என்று மேடையில் பேசக் கேட்டிருக்கிறேன். இரண்டையும் பக்கத்தில் வைக்கவே முடியாது.

சரி, வீட்டுக்குள் உண்மையில் எவ்வளவு செலவாகிறது? எங்கள் வீட்டில் ஆடி மாதத்தில் ஒரு வாரம் அளந்து பார்த்தோம். நால்வர். நல்ல தண்ணீர்த் தொட்டியின் அடித்தளம் ஆறடிக்கு ஐந்தடி, அதாவது 30 சதுர அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர், ஆகவே தண்ணீர் ஓர் அங்குலம் இறங்கினால் சுமார் 71 லிட்டர் செலவு. ஒரு மூங்கில் குச்சியில் அங்குலத்துக்கு ஒரு கோடு கீறி, காலையும் மாலையும் மூடியைத் திறந்து விட்டுப் பார்த்தோம். முறை நாளன்று தொட்டி நிறையும்போதே வீட்டிலும் செலவாகும் என்பதால், வால்வை அடைக்கும் வரை நல்ல தண்ணீரைக் குடத்தில் பிடித்துத் தனியாகக் குறித்துக்கொண்டோம். ஏழு நாளில் குடத்தையும் சேர்த்து 19 அங்குலத்துக்கு ஈடான செலவு. ஆளுக்கு நாளொன்றுக்கு 48 லிட்டர். மாடியில் உள்ள 1,000 லிட்டர் உப்புத் தண்ணீர்த் தொட்டியை அந்த வாரம் மூன்று முறை முழுதாக நிரப்பினோம். ஆளுக்கு 107 லிட்டர். இரண்டும் சேர்ந்து 155.

155 என்ற கூட்டுத்தொகையைவிட அதன் பிளவுதான் என்னை அதிரவைத்தது. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் எந்த மீட்டரும் இல்லாத, எந்த ஏட்டிலும் ஏறாத தண்ணீர். மின்மோட்டார் சுவிட்சைத் தட்டுகிற விரலுக்கு மட்டும் தெரிந்த தண்ணீர். குடிநீர் வழங்கலை மட்டும் வைத்துப் பார்க்கும் அதிகாரிக்கு நாங்கள் 48 லிட்டரில் சிக்கனமாக வாழும் குடும்பம். பாதாளச் சாக்கடை அமைக்க வரும் பொறியாளர் அந்த 48-ஐ நம்பினால் குழாய் பற்றாது, ஏனென்றால் சாக்கடைக்குப் போவது இரண்டு தண்ணீரும்தான்.

கோவை மாநகரின் பழைய பகுதிகளில் 24 மணி நேரக் குடிநீர்த் திட்டத்துக்காகப் புதுக் குழாய்களும் வீட்டு மீட்டர்களும் பொருத்தி வருகிறார்கள். எப்போதும் தண்ணீர் என்ற வசதியைக் காட்டிலும், அளவீட்டின் கோணத்தில்தான் இது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. குழாய் எப்போதும் நிறைந்திருந்தால் காற்று மீட்டரைச் சுழற்றாது. ஒரு பகுதிக்குள் நுழையும் குழாயில் ஒரு மீட்டரும், உள்ளே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மீட்டரும் இருந்தால் இரண்டையும் கழித்து இழப்பைக் கண்டுபிடித்துவிடலாம். இன்னும் எளிய சோதனை ஒன்று உண்டு. பின்னிரவு இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில் ஊர் தூங்கும். அந்த நேரத்திலும் பெரிய மீட்டர் கணிசமாக ஓடிக்கொண்டிருந்தால் அதில் பெரும்பகுதி கசிவு. முறை வைத்துத் தண்ணீர் விடும் ஊரில் இந்தச் சோதனையைச் செய்யவே வழியில்லை.

அதுவரைக்கும் ஒரு நகராட்சி செய்யக்கூடியது அதிகம் செலவில்லாதது. ஒவ்வொரு மேல்நிலைத் தொட்டியின் கீழும் தொடக்கத்தில் ஐந்து வீடு, நடுவில் ஐந்து, கடைமடையில் ஐந்து எனத் தேர்ந்து, மாதம் ஒரு வாரம் ஆள் எண்ணிக்கையோடு அளக்கலாம். தேர்வில் காம்பவுண்டு கட்டாயம் இருக்க வேண்டும். போர் தண்ணீர், லாரி, கேன் மூன்றையும் தனித்தனிப் பத்தியில் எழுதலாம். வெளியிடும்போது ஒரே சராசரியாகச் சொல்லாமல் தொடக்கம், கடைமடை என்று இரண்டு எண்ணாகச் சொல்லலாம். எந்த வார்டு உறுப்பினரும் தம் கூட்டத்தில் கேட்டு வாங்கக்கூடிய தகவல்தான் இது.

2027 கணக்கெடுப்பு வந்ததும் கோவை, திருப்பூர், ஈரோடு மூன்றிலும் ஆளுக்கு இத்தனை லிட்டர் என்ற எண் தடாலென்று சரியும். அன்று தண்ணீர் குறைந்துவிட்டதாகக் கூச்சல் எழும்; புதுத் திட்டம் வேண்டும் என்பார்கள். சில ஊர்களுக்கு உண்மையிலேயே வேண்டியிருக்கலாம். எதற்கு வேண்டும், எதற்குக் குழாயைச் சரிசெய்தாலே போதும் என்று பிரித்துப் பார்க்க, அதற்கு முந்தைய ஓரிரண்டு ஆண்டின் வீட்டு அளவுகள் கையில் இருக்க வேண்டும்.

எங்கள் மூங்கில் குச்சி தொட்டி மூடிக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்திருக்கிறது. ஆடி அளவு மட்டும் போதாது. காற்றும் சாரலும் உள்ள மாதம் அது, துணியும் குறைவாகத்தான் துவைத்தோம். பங்குனி, சித்திரையில் போர் காற்று வாங்கத் தொடங்கும்போது உப்புத் தண்ணீர் வேலைகளில் சில நல்ல தண்ணீருக்கு மாறும். 48 அப்போது எவ்வளவாகிறது என்று பார்க்க இன்னொரு வாரம் அளக்கப் போகிறோம். பக்கத்து மூன்று வீட்டுக்காரர்களும் தங்கள் தொட்டியின் நீள அகலத்தை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.